இரண்டு சொல்லுக்கு ஒரே விசை

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சுருக்கெழுத்துக் கொப்பி இருக்கிறது. தலைப்பக்கம் கம்பிச்சுருள் போட்ட, மேல்நோக்கிப் புரட்டும் வகை. முன்பாதி முழுக்கப் பென்சில் கோடுகள். நாளுக்கொரு பயிற்சி, பக்கத்தின் மூலையில் திகதி, திருத்திய இடங்களில் என்னுடைய சிவப்பு மை. பிறகு ஒரு நாளோடு அது நின்றுவிடுகிறது. அதற்குப் பின் இரண்டே இரண்டு பக்கங்களில்தான் எழுத்து இருக்கிறது. ஒன்று முழுப் பக்கம். மற்றதில் இரண்டரை வரி, அதன் கீழே நீல மையில் ஓர் அரசாங்க அதிகாரியின் கையொப்பம். மிச்சமெல்லாம் வெறும் தாள். கண்டி மஹய்யாவவில் மூன்று வாடகை வீடுகள் மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் எதை எறிவது, எதை வைப்பது என்று சாமான்களைப் பிரிக்கும்போது இந்தக் கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பேன். எறிய மனம் வராது. வைத்துக்கொள்ளவும் மனம் வராது. கடைசியில் அது பெட்டிக்குள் போய்விடும்.

அதன் சொந்தக்காரியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மிஸ் என்றார். சுருக்கெழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான், ஆனால் வயதில் அவர் என்னைவிட ஏழு வருடம் மூத்தவர். அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் சுருக்கெழுத்தாளராக இருந்து, சண்டையில் வீடும் வேலையும் போய், கண்டிக்கு வந்து சேர்ந்தவள் நான். நகரத்தின் ஒரு சந்துக்குள், புடவைக் கடை ஒன்றின் மாடியில் தட்டெழுத்து, சுருக்கெழுத்து வகுப்பு நடந்தது. அங்கே தமிழ்ப் பிரிவுக்கு நான் மட்டும்தான் ஆசிரியை. அந்த வருடங்களில் தமிழ்ச் சுருக்கெழுத்துக்குத் திடீரென்று தேவை கூடியிருந்தது. அதற்குக் காரணம் நல்ல காரணம் அல்ல. இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்ட பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் தினம் தினம் எங்காவது ஓர் அதிகாரியின் கந்தோர் வாசலில் நின்று எதையாவது சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்வதை எழுத ஆள் வேண்டியிருந்தது.

அக்கா நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வருவார். பேராதனைச் சந்தியில் சோதனைக்காக வண்டியை நிறுத்திவைத்தால் அரை மணி, முக்கால் மணி பிந்தும். பிந்திய நாட்களில் படியேறி வந்ததும் மன்னிப்புக் கேட்கமாட்டார். அடையாள அட்டையைக் கைப்பைக்குள் வைத்தபடியே, "இன்னைக்கும் நான் நாந்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க மிஸ்" என்பார். நாவலப்பிட்டியில் பெட்டிசம், அதாவது மனு, எழுதுபவர் ஒருவரிடம் பதினான்கு வருடம் தட்டெழுத்தடித்தவர். அந்த மனிதர் செத்துப்போக, வேலையும் போய்விட்டது. முப்பத்தாறு வயதில் சுருக்கெழுத்துப் படித்து, ஒரு நிரந்தர வேலையில் அமர்ந்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கணக்கு. விரல்கள் விசைப்பலகையில் பறக்கும். பென்சிலைக் கொடுத்தால் கை மரத்துப்போகும். என்னுடைய யாழ்ப்பாணப் பேச்சையும் சும்மா விடமாட்டார். "ஒங்க தமிழக் கேட்டப்ப இதுதான் சுருக்கெழுத்துன்னு நெனைச்சேன் மிஸ், அத வேற தனியா படிக்கணுமான்னு பயந்துட்டேன்" என்று முதல் வாரமே சொல்லி வகுப்பையே சிரிக்கவைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குத்தியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வகுப்பில் எனக்கொரு பழக்கம் இருந்தது. பாடம் நடக்கும்போது குறுக்கே கேட்டால் வேகம் கெட்டுவிடும். அதனால் சந்தேகம் எதுவானாலும் கொப்பியின் பின்னட்டை உட்பக்கத்தில் எழுதிவையுங்கள், சனிக்கிழமை எல்லாக் கொப்பிகளையும் வாங்கிப் பார்த்துப் பதில் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அப்படியே செய்தும் வந்தேன். எந்தச் சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை, ஒரு சனிக்கிழமையைத் தவிர.

அந்தச் சமயத்தில்தான் வகுப்புக்குக் கணினி வந்தது. அதனுள் ஒரு மென்பொருள். ஒருவர் பேசப் பேசக் குறுக்கு விசைகளை அடித்துக்கொண்டே போனால், கணினி தன்னிடமிருக்கும் அகராதியைப் பார்த்து முழுச் சொற்களாக விரித்துத் திரையில் போட்டுவிடும். பேச்சு முடியும்போது பிரதியும் முடிந்திருக்கும். பென்சிலில் எழுதி, பிறகு உட்கார்ந்து வாசித்து, பிறகு தட்டெழுத்தடிக்கும் மூன்று வேலைகள் ஒரே வேலையாகிவிடும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் அகராதி உள்ளேயே இருந்தது. தமிழ்ப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதை நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது. வந்த இடத்தில் அகதி என்று பார்க்கப்பட்டவளுக்கு ஒரு இயந்திரம் தமிழ் பேசத் தன் வாயையே எதிர்பார்த்து நிற்கிறது என்றால் பெருமை வராமல் என்ன செய்யும். வாக்குமூலம் என்றால் வாய்மொழியை அப்படியே எழுத வேண்டும். ஆகவே பேச்சுச் சொற்களையும் சேர்த்தேன். யாருடைய பேச்சு என்று யோசிக்கவில்லை.

அகராதியில் குறைந்த விசைகள் இருந்தால் வேகம் கூடும். அதனால் ஒரே பொருள் தரும் சொற்களை ஒரே விசைக்குள் அடக்கினேன். பையன்கள் என்ற பொருளுக்கு மேசையைச் சுற்றி நின்றவர்கள் தங்கள் தங்கள் ஊர்ச் சொல்லைச் சொன்னார்கள். நான் அத்தனைக்கும் ஒரே விசை வைத்து, அது விரியும்போது 'பெடியள்' என்று வரும்படி எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"எங்க பக்கம் பசங்கன்னுதான் மிஸ் சொல்லுவாங்க."

"எல்லாம் ஒண்டுதான் அக்கா. விசை மிச்சம்."

"நம்மன்னு சொன்னா?"

"அதுக்கு எங்கட எண்டு வரும். அதுவும் ஒண்டுதான்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். யாழ்ப்பாணத்தில் பெடியள் என்றால் பையன்கள்தான். ஆனால் அந்த வருடங்களில் அந்தச் சொல்லைக் கேட்ட எவருக்கும் முதலில் நினைவு வந்தது இராணுவத்தோடு சண்டைபிடிக்கத் துவக்குத் தூக்கிய பெடியள்தான். இயக்கம் என்று சொல்லப் பயந்தவர்கள் அவர்களைப் பெடியள் என்றார்கள். பாசத்தோடு சொன்னவர்களும் உண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. இதெல்லாம் அந்த மாடியில் இருந்த மற்ற எவரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த விசையை வைக்கும்போது எனக்கு என் அம்மா வாசலில் நின்று என் தம்பிமாரைச் சாப்பிடக் கூப்பிட்ட சொல்லாக மட்டுமே அது இருந்தது. ஊரைவிட்டு வந்தவளின் மனம் அப்படித்தான் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

மாணவர்களை எப்போது கணினிக்கு மாற்றுவது என்ற கேள்வியும் என்னிடமே வந்தது. வகுப்பின் முதலாளிக்கு, சேர்ந்த அன்றைக்கே மாற்றினால் நல்லது, விளம்பரப் பலகையில் எழுதலாம். நான் ஆறாவது வாரம் என்று தீர்மானித்தேன். ஆறாவது வாரம் என்பது வெறும் குத்துமதிப்புத்தான். முதல் ஆளாக அக்காவை மாற்றினேன். பென்சிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், விசையில் பறப்பவர், அவருக்கு இது வரம் என்று நினைத்தேன். "இன்னும் ரெண்டு மாசம் பென்சிலோட இருந்துக்கறேனே மிஸ், இப்பதான் நான் எழுதினத நானே வாசிக்க வருது" என்றார். நான் கேட்கவில்லை. பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடக் கூடாதென்று கணினிக்கு மாறியவர்களின் கொப்பிகளை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனி. பூட்டிய கொப்பிகளில் சந்தேகம் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. தடுத்துவைக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு உதவும் சட்ட உதவிக் கந்தோர் ஒன்று ஆள் கேட்டது. அவர்களிடமும் அதே மென்பொருள், அதே என் அகராதி. நான் அக்காவைக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். மூன்று மாதம் தகுதிகாண் காலம், பிறகு நிரந்தரம் என்றார்கள். அன்று திரும்பும்போது கண்டிக் குளக்கரையில் நின்று இரண்டு பேரும் கடலை வாங்கிச் சாப்பிட்டோம். "பெட்டிசக்காரர் இருந்திருந்தா நம்பமாட்டார்" என்றார் அக்கா.

இரண்டாவது வாரத்தில் ஒரு தாய் வந்தார். நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த ஒரே மகனைச் சுற்றிவளைப்பில் பிடித்துப் போயிருந்தார்கள். அதே தோட்டத்தைச் சேர்ந்த வேறு இரண்டு பையன்களும் அவனோடு பிடிபட்டு, வீட்டார் வந்து வாக்குமூலம் கொடுத்ததும் விடுபட்டிருந்தார்கள். ஆகவே இதுவும் அப்படியே முடியும் என்றுதான் கந்தோரில் எல்லோரும் நினைத்தார்கள். தாய் சொன்னார், அக்கா அடித்தார். தன் பக்கத்து மனுசி என்பதால் அக்காவுக்கு அந்தத் தாய் மீது ஒட்டுதல் வந்துவிட்டது, தன் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாதி கொடுத்தாராம். சொன்னதை ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அக்கா வாசித்தார், தாய் சரி என்றார், பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். பிரதி ஒன்றை அக்கா எனக்குக் கொண்டுவந்து காட்டினார், முதல் பெரிய வேலை என்ற சந்தோஷத்தில். நான் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். திருத்த ஒரு சொல்கூட இல்லை. ஆற்றொழுக்காகப் போனது. என் வீட்டு ஆட்கள் பேசியதுபோல் இருந்தது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் வகுப்பு மாடிக்கே படியேறி வந்தார். செருப்பைக் கீழேயே விட்டிருந்தார். கையில் வாக்குமூலப் பிரதி, மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். யார் அந்தப் பெடியள், எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். "அப்படி ஒரு வார்த்த எனக்குத் தெரியாதுங்க டீச்சரம்மா. நீ சொல்லி நீதானே கைநாட்டு வச்சிருக்கன்னு சொல்றாங்க. என்னா எழுதியிருக்குன்னு ஒருக்கா படிச்சுச் சொல்லுங்க." அன்று வேலை முடித்து அக்காவும் வந்திருந்தார். பிரதியை வாங்கி அவரே வாசித்தார். "தீவாளி முடிஞ்சு நம்ம பசங்களோட கொழும்புக்குப் போனான்."

"அதான், அதத்தான் சொன்னேன்" என்றார் தாய்.

நான் அக்காவின் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தேன். அதே வரியை நானும் வாசித்தேன், மெதுவாக. "எங்கட பெடியளோட கொழும்புக்குப் போனான்."

"அது யாரு?" என்றார் தாய்.

அக்கா தாளைத் திரும்ப வாங்கினார். ஒரு விரலை அந்த வரியின் கீழே வைத்து எழுத்துக்கூட்டினார், முதலாம் வகுப்புப் பிள்ளையைப் போல. மூன்று மாதத்துக்கு மேலாக அவர் விரல் அந்த விசையை அடித்தபோதெல்லாம் அவர் மனதில் ஓடியது பசங்க. திரையில் வந்தது பெடியள். கண் பார்த்ததை வாய் தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டது. வாசித்துக் காட்டும்போதும் பசங்க என்றே வாசித்தார், தாயும் பசங்க என்றே கேட்டார், கைநாட்டு பெடியளின் கீழே விழுந்தது. அதைச் சிங்களத்தில் பெயர்த்தவர் கவனமான ஆள். பெடியள் என்பது இயக்கத்தைக் குறிக்கத் தமிழர் வழங்கும் சொல் என்று அடிக்குறிப்பும் போட்டிருந்தார். அவரைக் குறைசொல்ல முடியாது. அது உண்மைதானே. போதாததற்கு, தோட்டத்துப் பெண் எப்படி யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறாள், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று இன்னொரு சந்தேகமும் எழுந்திருந்தது. சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

"ஒரு வார்த்ததானே டீச்சரம்மா. மாத்திக் குடுத்துடுங்க" என்றார் தாய். கும்பிட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

ஒரு சொல்லை மாற்ற நாங்கள் அலைந்த அலைச்சலை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். புதிய வாக்குமூலம் கொடுத்தால் முன்னுக்குப் பின் முரண் என்றார்கள். விடுபட்டு வந்த இரண்டு பையன்களையும் அக்கா தோட்டத்துக்கே போய்ப் பார்த்தார். நாங்கள்தான் அவனோடு போன பசங்க என்று வந்து சொல்லச் சொல்லிக் கெஞ்சினார். ஒருவன் அழுதிருக்கிறான். "அந்தப் பெடியள் நாங்கதான்னு நாங்களே போயி எப்படிக்கா சொல்றது" என்று கேட்டிருக்கிறான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. கணினியில் உள்ள கோப்பைக் காட்டலாமா என்று விசாரித்தோம். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அது சாட்சியாகாது என்றார்கள். கடைசியில் விசாரணைக் கந்தோரின் எழுத்தர் ஒருவர்தான் வழி சொன்னார். வாக்குமூலம் எடுத்தபோது சுருக்கெழுத்தாளர் கையால் எழுதிய மூலக் குறிப்பு இருந்தால் கொண்டுவாருங்கள். சுருக்கெழுத்து ஓசையை எழுதுவது. பசங்கவும் பெடியளும் அதில் ஒன்றாக இருக்காது. குறிப்பில் பசங்க என்றிருந்தால் பிரதியைத் திருத்த அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

மூலக் குறிப்பு இல்லை. கொப்பியை நான் பூட்டிவைத்திருந்தேன்.

இந்த இடத்தில் நான் செய்ததை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பை எழுதியே பிரயோசனமில்லை. அலுமாரியைத் திறந்து அக்காவின் கொப்பியை எடுத்தேன். எழுத்து நின்ற இடத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தைக் காட்டி, இதில் எழுதுங்கள் என்றேன். வாக்குமூலம் எடுத்த நாளின் திகதியை மேலே போடச் சொன்னேன். அந்தத் தாய் சொன்னது அவ்வளவும் உண்மை, அக்கா கேட்டது அவ்வளவும் உண்மை, எழுதிய நாள் மட்டும் பொய். அந்த ஒரு பொய்யால் ஒரு பையன் வெளியே வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார்.

அவரால் எழுத முடியவில்லை. ஆறு வாரத்தில் விட்ட கை. இரண்டாவது வரிக்குள் கோடுகள் உடைந்தன. எந்தக் கோடு தடிப்பு, எந்தக் கோடு மெல்லிசு என்பதே மறந்துவிட்டிருந்தது. ஆறாவது வாரத்தில் மாற்றாமல் இருந்திருந்தால், அவர் கேட்ட அந்த இரண்டு மாதத்தைக் கொடுத்திருந்தால், இந்தப் பக்கத்தை அவர் பத்து நிமிடத்தில் எழுதியிருப்பார். அல்லது இப்படி எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. நான் ஒரு தனித்தாளில் முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துக் கோலம் போடுவதுபோலக் கோடு கோடாகக் கொப்பியில் வரைந்தார். மூன்று நாள் வரைந்தார். இரண்டு பக்கங்கள் கிழிக்கப்பட்டன. பிறகு அதை விரல் வைத்து வாசிக்கப் பழகினார், பழகினார் என்பதைவிட மனப்பாடம் செய்தார் என்பதே சரி. தாள் புதிதாகத் தெரியக் கூடாதென்று நான் உள்ளங்கையால் தேய்த்தேன். அந்தத் தாய் மூன்று நாளும் வகுப்பின் மூலையில் ஒரு கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் வேலை கெட்டுவிடுமென்று தேத்தண்ணி கொடுத்தபோதுகூட வேண்டாமென்று கைகாட்டினார்.

விசாரணை அதிகாரி சிங்களவர், ஐம்பது வயதிருக்கும். மலைநாட்டில் பல இடங்களில் வேலைசெய்ததால் தமிழ் ஓரளவு பேசுவார். மரியாதையான மனிதர், எங்களுக்குக் கதிரை கொடுத்தார். கொப்பியை வாங்கி முதலிலிருந்து புரட்டினார். என் சிவப்பு மைத் திருத்தங்களைப் பார்த்தார். வாக்குமூலப் பக்கம் வந்ததும் அக்காவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அக்கா வாசித்தார், ஒரு தடங்கலும் இல்லாமல். நம்ம பசங்களோட என்ற இடத்தில் அவர் குரல் சற்று உயர்ந்தது. அதிகாரி தலையசைத்தார். முடிந்துவிட்டது, பையன் வந்துவிடுவான் என்றே நினைத்தேன். அப்போது அவர் தன் எழுத்தரைக் கூப்பிட்டு, மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையிலிருந்து ஏதாவது ஒரு பகுதியை மெதுவாக வாசிக்கச் சொன்னார். அக்காவிடம் அடுத்த பக்கத்தில் அதை எழுதும்படி சொன்னார். கையை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம், ஒரு நிமிட வேலைதான் என்று சமாதானமும் சொன்னார்.

மழைக்குப் பின் மரக்கறி விலை ஏறியது பற்றிய செய்தி. எழுத்தர் உண்மையாகவே மெதுவாகத்தான் வாசித்தார். அக்கா முதல் வரியை எழுதினார். இரண்டாவது வரியை எழுதினார். மூன்றாவது வரியின் நடுவில் பென்சில் நின்றது. எழுத்தர் தொடர்ந்து வாசித்தார், பிறகு அவரும் நிறுத்தினார். அக்கா பென்சிலைத் தாளிலிருந்து எடுக்கவே இல்லை. அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். முனை உடைந்தது.

அதிகாரி கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். தன் முன்னால் எழுதப்பட்ட எதற்கும் கையொப்பமிடும் பழக்கம் போலும், அந்த இரண்டரை வரியின் கீழே கையொப்பமிட்டுத் திகதியும் போட்டார். பிறகு முந்திய பக்கத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். கொப்பியை மூடி என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நான் இந்தப் பக்கம் பாக்க இல்ல."

அரசாங்கத்துக்குப் பொய்ச் சான்று கொடுத்த குற்றத்துக்கு, அந்தக் காலத்தில், இரண்டு தமிழ்ப் பெண்களை அவர் என்னவும் செய்திருக்கலாம். செய்யவில்லை. எங்கள் மீது இரக்கப்பட்டார். அந்த இரக்கத்தால் நாங்கள் பிழைத்தோம், பிரதி பிழைதிருத்தம் இல்லாமல் அப்படியே நின்றது. வாசலில் காத்திருந்த தாய் எங்கள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். முந்தானையால் கதிரையைத் துடைத்துவிட்டு, "வாங்கம்மா, நேரத்தோட ரயிலப் புடிப்போம்" என்று அக்காவிடம் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா மறுநாளே வேலையை விட்டார். கொப்பியை நான் நீட்டியபோது வாங்கவில்லை. "அது ஒங்ககிட்டயே இருக்கட்டும் மிஸ்" என்றார். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. நாவலப்பிட்டியில் ஒரு பலசரக்குக் கடையில் பற்றுச்சீட்டு அடிக்கும் வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் பையனைத் தெற்கே தூரத்துச் சிறைச்சாலை ஒன்றுக்கு மாற்றினார்கள். மாதம் ஒரு முறை பார்க்கலாம். தாயால் தனியாகப் போகத் தெரியாது, சிங்களம் வராது. அக்கா அவரோடு துணைக்குப் போனார். நான்காவது வருடம் தாய் காய்ச்சலில் இறந்துபோனார். அதன் பிறகு அக்கா தனியாகப் போனார், குளிக்கச் சவர்க்காரம், பால்மா பக்கெற், உடுக்க ஒரு சாரம் என்று எடுத்துக்கொண்டு. பார்வையாளர் புத்தகத்தில் உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதுவாராம். நான் ஒருமுறைகூடப் போகவில்லை. வகுப்பு இருந்தது, நோய் இருந்தது, வழியில் சோதனை இருந்தது. எல்லாம் இருந்தன. போகப் பயந்தேன் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொல்வேன்.

அவன் வெளியே வந்த செய்தியை அக்காதான் தொலைபேசியில் சொன்னார். நாங்கள் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

"வெளிய வந்துட்டான் மிஸ். நாந்தான் போயிக் கூட்டியாந்தேன்."

"கடவுளே. எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கான். வாசலத் தாண்டி வந்ததும் அம்மா எங்கக்கான்னு கேட்டான். ரெண்டு வருசமா கால் முடியலன்னு சொல்லி வச்சிருந்தேன்."

பிறகு அவர், "சரி மிஸ், காசு ஏறுது, வைக்கிறேன்" என்றார். வைத்துவிட்டார். அடுத்த வருடமே அவரும் போய்விட்டார், மாரடைப்பு என்றார்கள். அந்தச் செத்தவீட்டுக்கும் நான் பிந்தித்தான் போனேன்.

இப்போது நான் நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்த முதல் நாளே கேட்கிறார்கள், எப்போது மிஸ் கொம்பியூட்டருக்கு மாத்துவீங்கள் என்று. பென்சிலை ஏதோ தண்டனை என்று பார்க்கிறார்கள். கணினி மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அது நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொன்னது. இத்தனையாவது வாரம் என்று இப்போது நான் கணக்குச் சொல்வதில்லை. சந்தைக்குப் போய், உங்கள் ஊர்ப் பேச்சுப் பேசாத ஒருவர் பேசுவதை ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்பேன். அந்தத் தாளை ஒரு மாதம் என்னிடம் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பேன். அவர் வாயில் இருந்த சொல் மாறாமல் வாசித்தால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். சிலர் மூன்றாம் மாதத்தில் மாறுகிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அகராதியை அவரவரே செய்ய வேண்டும், என்னுடையதைத் தரமாட்டேன். கிழவிக்குப் பழைய காலப் பிடிவாதம் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும்.

பூட்டிவைத்த கொப்பியை நான் முழுமையாகப் பார்த்தது அக்கா போன பிறகுதான். அது அவர் கையெழுத்து என்பதற்காக ஒரு மாலை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். பயிற்சிகள், என் சிவப்பு மை, நாங்கள் வரைந்த பொய்ப் பக்கம், முனை உடைந்த இடத்தில் கறுத்துக் கிடக்கும் புள்ளி, கையொப்பம், வெறும் தாள்கள். கடைசியில் பின்னட்டை. அதன் உட்பக்கத்தில் பழைய சந்தேகங்கள், ஒவ்வொன்றின் கீழும் நான் எழுதிய பதில். அடியில் ஒரு வரிக்கு மட்டும் பதில் இல்லை. கொப்பிகளைப் பூட்டிய அந்த வெள்ளிக்கிழமையின் திகதி போட்டு, சாதாரணத் தமிழில், நிதானமான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்.

'மிஸ்கிட்ட மறுபடி கேக்கணும். பசங்க, பெடியள். ஒன்னா, வேறயா?'

சிவப்புப் பேனையை எடுத்து அதன் கீழே, வேறதான் அக்கா, என்று எழுதினேன். திகதி போடவில்லை.